ஒன்பது மணிப் பாலும் நாற்பது காசும்

கூலியைக் கூட்டிவிட்டால் ஏழை பிழைத்துக்கொள்வான் என்று யாராவது என் எதிரில் உட்கார்ந்து பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசுகிறவர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்தக் காலத்துலயே தோட்டத்து ஜனங்களுக்கு இதுக்குக் கொறஞ்சு கூலி குடுக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்களேம்மா" என்று எனக்கே பாடம் எடுப்பார். போட்டார்கள் ஐயா, யார் இல்லை என்றது? ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு. அதைக் கை நீட்டி வாங்கியவள் நான். வாங்கிய கதையையும் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள்.

மலாயாவில் ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். மரம் வெட்டுவது என்றால் சாய்ப்பது இல்லை, பட்டையைக் கீறிப் பால் இறக்குவது. என் வீட்டுக்காரர் புல்வெட்டுக் கூட்டத்தில் இருந்தார். எங்களுக்கு ஐந்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை. எனக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்து வெகு காலம் கழித்து வந்தது, அதுவும் இந்தக் கோபத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் என்பதற்காகவே வந்தது.

தோட்டத்தில் கூலியைக் காசாகப் பேச மாட்டோம், பேராகத்தான் பேசுவோம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும். கொடுத்த வேலையை முடித்துவிட்டு வந்தால் சாயங்காலம் கணக்கு எழுதுகிற கிராணி முழுப்பேர் எழுதுவார். குறை வைத்தால் அரைப்பேர். முழுப்பேருக்கு முழுக்கூலி, அரைப்பேருக்கு அதில் பாதி. "இன்னிக்கு என்ன பேரு விழுந்துச்சு?" என்று லயத்து வாசலில் ஒருத்தியை ஒருத்தி கேட்டால், அன்றைக்கு அடுப்பு எப்படி எரியும் என்று கேட்பதாக அர்த்தம்.

முன்பு எனக்கு முப்பது காசு. எனக்கென்று பிரித்துக் கொடுத்த மர வரிசையில், அதாவது என் நிரையில், முந்நூறு மரம். இருட்டோடு இறங்கினால் ஒன்பது மணிக்குப் பால் நிறுக்கிற ஸ்டோரில் மணி அடிக்கும்போது வெட்டி முடித்திருப்பேன். அதற்குமேல் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டி நிறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில்தான் பிள்ளைக்காரிகள் எல்லோரும் ஆயாக் கொட்டகைக்கு ஓடுவோம். தோட்டத்துக் கைக்குழந்தைகளைத் தூளியில் போட்டு ஆட்டுகிற கொட்டகை அது. கால் ஊனமாகி மரம் வெட்ட முடியாமல் போன ஒரு நடுவயதுக்காரிதான் அங்கே ஆயா. பக்கத்து நிரைக்காரிக்கும் கைக்குழந்தை இருந்தது. ஒருநாள் அவளுக்கு நேரமாகிவிட்டால், மீந்த பத்து மரத்தை நான் வெட்டுவேன். இன்னொரு நாள் எனக்கு அவள் வெட்டுவாள். ரப்பர் வயலுக்குப் பொறுப்பான தண்டலுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாததுபோல் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு போவார். அவர் அம்மாவும் எங்கேயோ ஒரு நிரையில் வேலை செய்தவள்தானே.

ஒன்பது மணிக்கு என் பெண்ணுக்கு நான் வருகிற சத்தம் தெரியும். தூளிக்குள் காலை உதைத்து உதைத்துக் கூப்பிடுவாள். பால் குடிக்கும்போது என் ரவிக்கை முடிச்சைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள்.

அப்புறம் அந்தக் காலை வந்தது. பெரட்டுக் களத்தில் பெரிய கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "அடுத்த மாசத்துலேர்ந்து ஆம்பளைக்கு அம்பது, பொம்பளைக்கு நாப்பது. கவருமெண்டு சட்டம்" என்றார். ஜனங்கள் தலைகால் தெரியாமல் கூத்தாடினார்கள். மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். பெண்ணுக்கு மட்டும் ஏன் பத்துக் காசு குறைவு என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மரம் வெட்டுகிறது ஆணா பெண்ணா என்று பார்த்தா பால் சொட்டியது? அன்றைக்கு என் புத்தி அங்கே போகவில்லை. என் குழந்தைக்கு ஒரு வெள்ளிக் காப்பு செய்து போடலாம் என்றுதான் போனது.

"ஏ புள்ள, இனிமே நீ மொதலாளியம்மா. எனக்கு ஒரு சட்ட வாங்கிக் குடு லா" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார்.

"மொதல்ல காச கண்ணுல காட்டட்டும்" என்றேன். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அடுத்த மாதம் முதல் தேதி தண்டல் சுண்ணாம்புச் சட்டியோடு வயலுக்கு வந்தார். நிரைகளைப் பிரித்துக் கட்டி மரத்துக்கு மரம் புது அடையாளம் போட்டார். என் நிரை முந்நூற்றைம்பது ஆனது. ஒன்பது மணி அடித்தபோது எனக்கு இன்னும் ஐம்பது மரத்துக்கு மேல் பாக்கி. பக்கத்து நிரைக்காரிக்கும் அப்படித்தான். யாருக்கு யார் வெட்டுவது? கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு பேரும் கொட்டகைக்கு ஓடினோம், பால் கொடுத்தோம், ஓடி வந்தோம். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கடைசி மரங்களில் பால் சரியாக இறங்கவில்லை. சாயங்காலம் இரண்டு பேருக்கும் அரைப்பேர்.

நான் விடவில்லை. பால் நிறுக்கிற இடத்திலேயே தண்டலைப் பிடித்துக்கொண்டேன்.

"தண்டலய்யா, இது என்ன அநியாயம்? பச்சப் புள்ளைக்குப் பால் குடுக்கப் போனது குத்தமா?"

"ஏம்மா என்கிட்ட கத்துற? கூலி கூடுச்சுல்ல, மரமும் கூடும். முழுக்கூலி குடுத்தா முழு வேலை வாங்குன்னு தோட்டத்துத் தொர சொல்லிட்டாரு. நடுவுல எறங்கிப் போனா அரைப்பேருதான்."

"எனக்கு அந்தப் பத்துக் காசே வேணாம். பழைய முப்பதக் குடுங்க, பழைய நிரையக் குடுங்க. நான் எம் புள்ளையப் பாத்துக்கிறேன்."

மேசையில் எழுதிக்கொண்டிருந்த கிராணி தலையைத் தூக்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசாதவர். "உனக்கு முப்பது தர ஏலாது, பிள்ளை. அது சட்டத்துக்கு விரோதம். முழுப்பேர் எண்டால் நாற்பது. அரைப்பேர் எண்டால் இருபது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி எழுதப் போனார்.

கேட்டீர்களா அந்த நியாயத்தை? முப்பது கொடுத்தால் சட்டத்துக்கு விரோதமாம், இருபது கொடுத்தால் விரோதம் இல்லையாம். என் நன்மைக்காகவே போட்ட சட்டம், என் நன்மைக்காகவே எனக்குப் பத்துக் காசைக் குறைத்தது. அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்த்திருக்க வேண்டும். கையில் வாளி இருந்தது, வரிசை பின்னால் நின்றது, நான் நகர்ந்தேன்.

ராத்திரி அரிசியைப் பார்த்தேன், வீட்டுக்காரரைப் பார்த்தேன். "ஒரு ரெண்டு மாசம் பல்லக் கடிச்சுக்க புள்ள. கொழந்த கஞ்சி குடிக்க ஆரம்பிச்சுட்டா சரியாப் போயிடும்" என்றார். அவருக்கு என்ன, அவருக்கா மார் கட்டும்? ஆனால் அவர் மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பிக்க எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் ஒன்பது மணி அடித்தபோது கொட்டகைக்குப் போக வேண்டாம் என்று முடிவு பண்ணியது நான்தான். பக்கத்து நிரைக்காரி கத்தியைச் செருகிக்கொண்டு ஓடினாள். நான் குனிந்து அடுத்த மரத்தைப் பிடித்தேன்.

தோட்டத்துக் கடையில் டின்பால் இருந்தது. எனக்குக் கூடிய காசு இரண்டு நாளைக்குச் சேர்ந்தால் ஒரு டின் வாங்கலாம். வாங்கி ஆயாவிடம் கொடுத்தேன். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று நிறைய வெந்நீர் ஊற்றிக் கலக்கச் சொன்னதும் நான்தான். "இது புள்ளைக்கு ஒத்துக்குமா தாயி?" என்று அவள் கேட்டாள். "எல்லாம் ஒத்துக்கும், நீ குடு" என்று எரிந்து விழுந்தேன்.

முதல் பத்து நாள் நரகம். ஸ்டோரில் மணி அடித்ததும் என் உடம்புக்குத் தெரிந்துவிடும். ரவிக்கை நனைந்து வயிறு வரைக்கும் வழியும். மார் கல்லாகக் கனத்துக் காய்ச்சல் வரும். பொறுக்க முடியாமல் ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து மண்ணில் பீய்ச்சி விடுவேன். எறும்பு வந்து மொய்க்கும். அதைப் பார்த்துக்கொண்டே, யாரைத் திட்டுவது என்று தெரியாமல், வாய்க்கு வந்தவர்களை எல்லாம் திட்டுவேன். கங்காணியை, தண்டலை, முகம் தெரியாத கவருமெண்டை, இந்தச் சீமைக்கு என்னைக் கூட்டி வந்த கப்பலை. திட்டி முடித்துவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போவேன். அந்த மாதம் எனக்கு ஒரு அரைப்பேர்கூட விழவில்லை. சொன்னால் வெட்கம், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமை உச்சிக்கு ஏறியிருந்த நேரத்தில்தான் கூலி விசாரிக்கிற வெள்ளைக்காரத் துரை வந்தார். காரில் வந்தார், தொப்பியைக் கழற்றினார், வேர்த்துக் கொட்டியது. பார்க்க நல்லவராகத்தான் இருந்தார். பெண்களைப் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். முன்னால் நின்றவள் நான். புத்தகத் தமிழில், தடுக்கித் தடுக்கி, அவரே கேட்டார்: "அம்மா, உனக்கு நாற்பது காசு கிடைக்கிறதா?"

ஐயோ, அந்த ஒரு கேள்விக்கு நான் எத்தனை பதில் சொல்லியிருக்கலாம். மரம் எத்தனை கூடியது என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது மணியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய நாக்கு இது. முழுப்பேர்க்காரி என்ற திமிர் வேறு. தலையை நிமிர்த்தி, களம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கெடைக்குதுங்க தொர. முழுசாக் கெடைக்குது" என்றேன்.

அவர் சந்தோஷமாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார். எனக்குப் பின்னால் நின்ற பக்கத்து நிரைக்காரி வாயைத் திறந்தாள். "எல்லாருக்கும் அதே கூலிதான், துரை" என்று கிராணி இடையில் சொல்லிவிட்டார். அது பொய்யும் இல்லை. கார் போய்விட்டது.

திரும்பி நடக்கும்போது அவள் என் பக்கம் பார்க்காமலேயே பேசினாள். "அரைப்பேர்க்காரிங்க பத்துப் பேரு நின்னோம். அத்தன பேருக்கும் சேத்து நீ வாயத் தொறந்தே. நல்லாத் தொறந்தே, மவராசி." நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கு நான் ஒருத்தி பெரிய மனுஷியாக நின்றதற்கு, அந்தப் பத்துப் பேரும் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒவ்வொரு வாய்ப் பாலுக்கும் அதற்கப்புறமும் அரைக்கூலியை அபராதமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

அந்த வாரத்திலேயே குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. கன்னம் வற்றிக் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. வீட்டில் ராத்திரி மாரில் போட்டால் இரண்டு தடவை சப்பிவிட்டுத் தூங்கிவிடுவாள். தூக்கக் கலக்கம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் காலை பேர் கொடுக்கிறபோதே முடிவு பண்ணிவிட்டேன். போகட்டும் அரைப்பேர். இருபது காசுதானே, பட்டினி கிடந்தாவது இனி ஒன்பது மணிக்குப் போய்விடுவது.

மணி அடித்ததும் கத்தியைச் செருகிக்கொண்டு ஓடினேன். கொட்டகையில் ஆயா அவளைத் தூளியிலிருந்து எடுத்து என் மடியில் போட்டாள். மாரை வாயில் வைத்தேன். சப்பினாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு பக்கம் மாற்றினேன். அங்கேயும் இல்லை. விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. என் பெண் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள், இரண்டு கையாலும் என்னைத் தள்ளினாள், ஆயா கலக்கிக்கொண்டிருந்த கிண்ணத்தைப் பார்த்து வீறிட்டாள்.

ஆயா அவளை என் மடியிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்: "வத்திப் போச்சு தாயி, இனிமே வராது. நீ ஏன் உக்காந்திருக்கே? தண்டலு மேட்டுப் பக்கம் போயிருக்காரு, உன்னைப் பாக்கல. இப்ப ஓடுனா முழுப்பேரு வாங்கிறலாம்."

நான் ரவிக்கையை முடிந்துகொண்டு எழுந்தேன். பின்னால் குழந்தையின் அழுகை நின்றது, கிண்ணம் வாய்க்கு வந்திருக்க வேண்டும். ஓடினேன். மிச்சமிருந்த மரத்தை எல்லாம் வெட்டி முடித்தேன். சாயங்காலம் கிராணி எனக்கு முழுப்பேர் எழுதினார்.