கறுப்புத் துணியைக் கட்டினால்

பட்ட காலிலே படும் என்பார்கள். அவளுக்கு அன்று விடியும்போதே பட்டது. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் பார்லருக்குப் போவதாக இருந்தாளோ, அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல். லாரி ஓட்டுகிற கணவன் ஊரில் இல்லை. வெளியே காற்றோடு சேர்ந்து குறுக்கே அடிக்கிற மழை.

முடி வெட்டுவது அவள் தொழில். நல்ல கை என்று பெயர். வாண்டு பிறந்ததோடு வேலை நின்றது. தெருப் பெண்களுக்கு நுனி வெட்டிவிட்டு, கை துருப்பிடித்துவிடுமோ என்று பயந்து கிடந்தவளுக்கு இப்போதுதான் ஒரு வழி திறந்திருந்தது. "பத்து மணிக்கு வா. ஒரு தலை வெட்டிக் காட்டு. கை பிடிச்சிருந்தா நாற்காலி உனக்கு" என்றிருந்தார் பார்லர்க்கார அம்மா. நேரம் தவறினால் அடுத்தவளைக் கூப்பிட்டுவிடுவார் என்பது ஊரறிந்த சேதி.

வாண்டு செருப்பு போடமாட்டேன் என்றான். போட்டதும், இந்தச் செருப்பு வேண்டாம் என்று அழுதான். போன மழைக்கு வாங்கிய கோட்டுக்குள் அவன் தலையே நுழையவில்லை.

"ஒரு வருஷத்துல இப்படியாடா வளருவ?" என்று கத்தினாள், வளர்ந்தது அவன் குற்றம்போல.

அப்போதுதான் பைக்குள் இருந்த கறுப்புத் துணி கண்ணில் பட்டது. முடி வெட்டும்போது கழுத்தைச் சுற்றிக் கட்டுகிற நைலான் துணி. ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டாது. அதை அவன் கழுத்தில் கட்டிவிட்டு, தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு கதவைப் பூட்டித் திரும்பினாள். வாண்டு படியில் உட்கார்ந்திருந்தான்.

இழுத்து நிறுத்தினாள். தெருமுனையில் மறுபடி உட்கார்ந்தான். தூக்கினாள். தோளில் பை, ஒரு கையில் குடை, இடுப்பில் பிள்ளை. காற்று குடையைத் திருப்பிப் போட்டது. குடையைச் சரிசெய்ய அவனை இறக்கினால், சொல்லி வைத்த மாதிரி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். கெஞ்சினாள், மிட்டாய் என்றாள், விட்டுட்டுப் போயிடுவேன் என்றாள். பிடித்து வைத்த பிள்ளையார்போல அசையவில்லை.

"ஏம்மா, பிள்ளை தியானத்துல இருக்கானா?" என்று கேட்டார் காய்கறிக்கடைக்காரர், நனையாத இடத்தில் நின்றுகொண்டு.

அவரைச் சுட்டெரிப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பியபோதுதான் கவனித்தாள். அவன் தாடை நெஞ்சில் பட்டிருந்தது. பின்கழுத்தை நீட்டிக் காத்திருந்தான். கத்தரிக்கோலுக்காகக் காத்திருந்தான்!

எல்லாம் அவளே பழக்கியது. கறுப்புத் துணி கட்டினா உட்காரணும், தலையைக் குனியணும், அசைஞ்சா காது போயிடும். மாதக்கணக்கில் சொல்லியிருக்கிறாள். சொன்ன பேச்சு எதையும் கேட்காத பிள்ளை இந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். தன் வினை தன்னைச் சுட்டது.

கொட்டுகிற மழையில் குந்தி, அவன் காதருகே விரல்களைக் கத்தரிபோல ஆட்டினாள். "கிச் கிச்." பின்கழுத்தில் ஊதினாள். "முடிஞ்சுது, எழுந்திரு." துணியை அவிழ்த்தாள். எழுந்தவன் நேராகப் போய்க் குட்டையில் குதித்தான்.

கட்டினால் உட்காருகிறான், அவிழ்த்தால் ஓடுகிறான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி கட்டினாள், குடை எக்கேடோ கெடட்டும் என்று பைக்குள் திணித்தாள், அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பார்லரில் இறக்கிவிட்டதும் அவன் வாசலிலேயே உட்கார்ந்து தலையைக் குனிந்தான். பார்லர்க்கார அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"உன்கிட்ட முடி வெட்டிக்க உட்கார்ந்திருந்தவங்க எழுந்து போயிட்டாங்க. வேற ஆளுக்குச் சொல்லியாச்சு."

அவள் வாயைத் திறக்குமுன் அந்த அம்மாவின் பார்வை கீழே போனது. குனிந்து, வாண்டின் பின்கழுத்து முடி முடிகிற இடத்தை விரலால் தடவினார்.

"இது யார் வெட்டினது?"

"நான்தான். வேற யாரு?"

மறுபடி தடவினார். எங்கும் ஒரு பிசிறு இல்லை.

"ம். சரி, அந்த ஆளை வேண்டாம்னு சொல்லிடறேன். நாளைக்கு வா. பிள்ளையை விட்டுட்டு வா."

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் காலையிலிருந்து அடக்கிவைத்த கோபம் அப்போதுதான் உடைந்தது.

"யார்கிட்டம்மா விடறது? விட ஆள் இருந்தா இன்னிக்கே நேரத்துக்கு வந்திருக்கமாட்டேனா? எனக்குக் கையும் இருக்கு, பிள்ளையும் இருக்கு. ஒண்ணைக் கழட்டி வீட்ல வச்சுட்டு வர முடியாது!"

பார்லர்க்கார அம்மா மறுபடி கீழே பார்த்தார். தரையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, வாண்டு இன்னும் குனிந்தே இருந்தான்.

"இவன் இப்படியேவா இருப்பான்?"

"துணி கட்டியிருந்தா இருப்பான்" என்றாள். அதில் பாதிதான் உண்மை; எவ்வளவு நேரம் இருப்பான் என்று அவளுக்கே தெரியாது.

"அந்த மூலையில ஸ்டூல் கிடக்கு, நாளைக்கு அதுல உட்கார வை. அசைஞ்சான்னா ரெண்டு பேரும் வெளியே."

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. இனிமேல் விட்டென்ன என்று அதையும் திட்டினாள். வீடு சேர்ந்ததும் தன் ஈரப் புடவையைக்கூட மாற்றாமல், முதல் வேலையாகக் கறுப்புத் துணியை உதறிக் காயப்போட்டாள். நாளைக்கு அது வேண்டும்.