ஓர் எழுத்துக்காக உடைந்த பல்

தெய்வநாயகி இறந்துபோன செய்தி வந்தபோது நான் அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய மொழிபெயர்ப்பின் கடைசி அத்தியாயத்தை இருவரும் உட்கார்ந்து பார்ப்பதாகப் பேச்சு. காலையிலேயே நூலகத்துக்கு வந்துவிடுகிறேன் என்றவள் சாப்பாட்டு வேளை தாண்டியும் வரவில்லை. சான் ஹோசேயிலிருந்து அவள் மகள் மைதிலி கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா ரூட் ஒன்ல வந்துட்டு இருந்தாங்க. ட்ரக் வந்து இடிச்சிடுச்சு. அம்மா போய்ட்டாங்க, ஆன்ட்டி." இங்கே அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பெண் அவள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். அவள் என்னிடம் இத்தனை தமிழ் பேசியது அன்றைக்குத்தான். அதைக் கேட்டதுமே நிஜம் என்று தெரிந்துவிட்டது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் தெய்வாவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அவள் கண்ணில் படாமல் தப்பித்தவர்கள். அஞ்சலி என்றால் 'அவர்' போட்டு எழுத வேண்டும் என்பது எனக்கும் தெரியும். போட்டால் எழுந்து வந்து அடிப்பாள். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். நாங்கள் இருவரும் ஒரே வயது, நியூஜெர்சியில் ஒரே கல்லூரி. அவள் மத வரலாறு நடத்தினாள். நான் அதே கல்லூரி நூலகத்தில் அரிய நூல்கள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன்.

அவளை முதலில் பார்த்ததே ஒரு சண்டையில்தான். வாசிப்பறையில் ஒரு பெண்மணி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடக் கூடாது என்று சொல்லப் போனேன். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, எதிரே இருந்த பழைய துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் சொல்லிக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு ஆங்கிலிக்கன் பாதிரியார் எழுதியது. எதிராளியைக் குடிகாரன், பொய்யன், தையற்காரன் என்று வரிக்கு வரி திட்டிவிட்டு, கடைசியில் கிறிஸ்துவின் அன்பில் தங்கள் சகோதரன் என்று கையெழுத்துப் போட்டிருந்தார். நானும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் எங்கள் இருவரையும் முறைத்தார்.

தாராபுரத்துக்காரிக்கு இங்கிலாந்துப் பாதிரிமார் சண்டையில் என்ன வேலை என்று கேட்காதவர் இல்லை. அவளிடம் பதில் தயாராக இருக்கும். "கோயில்ல மொத மரியாதை ஆருக்குன்னு அரிவாளத் தூக்குன ஊர்ல பொறந்தவ நான். இந்தச் சண்டை எனக்குப் புரியாம வேற ஆருக்குப் புரியோணும்?" என்பாள். ஒரு பாதிரியார் பிரசங்கத்தை அச்சடிப்பார். இன்னொருவர் அதற்குப் பதில் போடுவார். பதிலுக்கு மறுப்பு, மறுப்புக்கு விளக்கம், அந்த விளக்கத்தைக் கிழித்து இன்னொன்று. சபைக்கு விசுவாசமானவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க வெளியிடப்பட்டது என்று முகப்பில் ஒரு வரி வேறு. "எவனும் கேட்டிருக்க மாட்டான். திட்டோணும்னு கை அரிச்சிருக்கும்" என்பாள் தெய்வா.

அவள் தமிழுக்குக் கொண்டுவந்தது அப்படியொரு சண்டையைத்தான். ஒரு கிராமத்துப் பாதிரியார். அவர் ஊரில் வயல்வெளியில் நின்று பிரசங்கம் செய்ய வந்த ஓர் ஏழைப் பிரசங்கி. அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் அழுதார்கள், நடுங்கினார்கள், தரையில் விழுந்து புரண்டார்கள். பாதிரியாருக்குப் பொறுக்கவில்லை. அவர்களுக்கு 'என்தூசியாசம்' பிடித்திருக்கிறது என்று பிரசுரம் போட்டார். இன்றைக்கு அந்த வார்த்தைக்கு உற்சாகம் என்று அர்த்தம் சொல்கிறோம். அன்றைக்கு அது வசவு. கடவுள் தனக்குள் இறங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு கூத்தடிக்கிற பைத்தியம் என்று பொருள்.

முதல் வரைவைத் தட்டச்சு செய்துகொடுத்தது நான். அந்த வார்த்தைக்கு நான் போட்டது 'ஆர்வக்கோளாறு'. சென்னைக்காரி மூளை, வேறென்ன தோன்றும்? தெய்வா தாளைக் கிழித்து என் மேலேயே போட்டாள். "ஆர்வக்கோளாறுக்கா ஒருத்தன் பல்ல ஒடப்பாங்க?" என்றாள். பிறகு அந்தப் பிரசங்கிக்கு என்ன நடந்தது என்று சொன்னாள். பிரசுரம் வந்த மறுவாரமே ஊர் திரண்டது. பிரசங்கம் கேட்காதபடிக்குக் தேவாலய மணியை விடாமல் அடித்தார்கள். கூட்டத்துக்குச் சாராயம் கொடுத்தார்கள். அழுகிய முட்டையில் தொடங்கிக் கல்லுக்குப் போனார்கள். ஒரு கல் பட்டு அவன் பல் உடைந்தது. பிரசங்கியை மயிரைப் பிடித்துத் தெரு நெடுக இழுத்துப்போய்க் குளத்தில் அமுக்கி எடுத்து, மறுபடி அமுக்கினார்கள். அவன் தங்கியிருந்த வீட்டின் கூரையைப் பிரித்தார்கள். நீதிபதியிடம் போனால் அவர் பாதிரியாரோடு விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கல்ல எறிஞ்சவன் கையில ரத்தமாவது ஒட்டும். பாதிரியார் கையில வெறும் மசிதான்" என்றாள்.

அந்த வார்த்தைக்குக் கடைசியில் அவளே தமிழ் கண்டுபிடித்தாள். அவள் ஊரில் சாமி வந்து ஆடுவதை அருள் என்றும் சொல்வார்கள், மருள் என்றும் சொல்வார்கள். சாமி வந்தவருக்கு அது அருள். நம்பாமல் வேடிக்கை பார்க்கிறவனுக்கு அது மருள், புத்தி மயக்கம். பாதிரியார் பேசுகிற இடமெல்லாம் மருள் என்று வைத்தாள். அடிபட்ட பிரசங்கி திருப்பி எழுதிய பதிலில் அதே வார்த்தையை அருள் என்று வைத்தாள். முதல் எழுத்து ஒன்றுதான் மாறியது. சண்டை மொத்தமும் அதில் அடங்கிவிட்டது என்று குதித்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

இனி, உங்களில் பலர் பார்த்தும் பேசாமல் இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்துக் கோயிலில் ஆடி விழா. கொங்குப் பையன்கள் சிலர் பம்பை அடித்தார்கள். மகன் வீட்டுக்கு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்திருந்த செல்லம்மாள் என்ற அம்மாளுக்கு அந்தச் சத்தத்தில் அருள் வந்துவிட்டது. கொண்டை அவிழ்ந்து, கண் சொருகி, மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கேட்டு ஆடினார். ஜனங்கள் செல்ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நிர்வாகக் குழுவில் இருந்த சபேசன், இன்ஷூரன்ஸ் பிரச்சனை ஆகிவிடும், வெளியே கொண்டுபோங்கள் என்று கத்தினார். அந்த அம்மாள் நகரவில்லை. சபேசன் முதலில் கையைப் பிடித்து இழுத்தார். அப்புறம் கூந்தலைப் பிடித்தார். பின்னால் இரண்டு பேர் தள்ளினார்கள். செருப்பு அலமாரியின் விளிம்பில் அந்த அம்மாளின் தலை மோதிய சத்தம் பம்பையைத் தாண்டிக் கேட்டது.

தெய்வா குறுக்கே பாய்ந்தாள். சபேசனின் முழங்கை அவள் வாயில் இடித்து முன்பல் பாதியாக உடைந்தது. உடைந்த பல்லோடு அவர் கையைக் கடித்தாள். சும்மா ஒரு கடி இல்லை. கூந்தலை விடும்வரை விடவில்லை. மதங்களுக்கிடையே நல்லிணக்கம் என்று ஊரெல்லாம் பேசப் போகிற பேராசிரியை, பளிங்குத் தரையில் ரத்தம் சொட்டச் சொட்ட, ஒரு மனிதரின் கையைப் பல்லில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் பிரசாதத் தட்டோடு நின்றேன். செல்லம்மாள் தெளிந்ததும், "ஆருக்கும் அடிபடலீங்களே?" என்று கேட்டார். அவர் நெற்றியில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து குழு மின்னஞ்சலில் பதில், மறுப்பு, விளக்கம், விளக்கத்துக்குக் கண்டனம் எல்லாம் வந்தன. அத்தனையும் அன்புடன் என்றே முடிந்தன. தெய்வாவுக்கு ஒரே குஷி. "பாத்தியா புள்ள, என்னோட பாதிரிமாருங்க செத்துப்போவல" என்றாள். அந்தக் குஷி அடுத்த வாரம் போலீஸ் புகாரோடு போய்விட்டது. கடித்த காயத்தைப் படம் எடுத்து சபேசன் கொடுத்திருந்தார். தெய்வாவிடம் இருந்தது கிரீன் கார்டு. வழக்கு முடியும்வரை நாட்டை விட்டு வெளியே போகாதீர்கள், திரும்பி வருவதில் சிக்கல் ஆகலாம் என்றார் வக்கீல். அதே சமயத்தில்தான் தாராபுரத்தில் அவள் அம்மா படுக்கையில் விழுந்தார்.

கோயில் தரப்பிலிருந்து ஒரு சமாதானம் வந்தது. மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுவார்கள். நாலில் ஒரு வரி, அந்த அம்மாளுக்கு வந்தது மருள், அவரை அப்புறப்படுத்தியது சரி என்று இருக்க வேண்டும். கடித்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தெய்வா தயார். அந்த ஒரு வரியை மட்டும் எழுத மாட்டேன் என்றாள்.

மான்மவுத் ஜங்ஷனில் என் வீட்டுச் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "புக்கு முழுக்க மருள் மருள்னு எழுதி வெச்சிருக்க. இன்னொரு தடவ எழுதினா என்னடி? அம்மாவப் போய்ப் பாரு" என்றேன்.

"அது பாதிரியார் எழுதுனது. இது நான் எழுதோணும்."

"ஒரு எழுத்துதானே தெய்வா."

கையில் இருந்த சில்வர் டம்ளரை விட்டெறிந்தாள். காதோரமாகப் பறந்து சுவரில் இடித்தது. எங்கள் வீட்டுச் சுவர்தான் தெரியுமே, அட்டைச் சுவர். பள்ளமே விழுந்துவிட்டது. காபி கூரை வரைக்கும் தெறித்தது. பிறகு அவளே துணி எடுத்துத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "மயிரப் புடிச்சு இழுத்தாங்க வசு. அது சரின்னு எழுதச் சொல்றாங்க" என்றாள். உடைந்த பல்லின் சந்தில் காற்றுப் புகுந்து அவள் பேச்சு விசிலடித்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அவள் அம்மா போய்விட்டார். தகனத்தை அதே சமையலறையில், என் ஃபோனில் பார்த்தாள். முடியும்வரை உட்காரவே இல்லை. முடிந்ததும் ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டு, தலைக்குக் குளிக்க வேண்டும், துண்டு கொடு என்றாள். இரண்டு வாரம் கழித்து வழக்கு தள்ளுபடி ஆனது. சாட்சி சொல்லக் கோயில் தரப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. இரண்டு வாரம்! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எதையாவது எடுத்து எறிய வேண்டும் போலிருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று நினைக்கவில்லை. அம்மா பெரியவரா, ஒரு வரி பெரிதா என்று எப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று போன வாரம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பல்லை அவள் கடைசிவரை கட்டிக்கொள்ளவில்லை. வகுப்பில் மாணவர்கள் கேட்டால், தொழில்முறைக் காயம் என்பாள்.

போன சனிக்கிழமை அவளைக் கிடத்தியிருந்த இடத்துக்குச் சபேசனும் வந்தார். வந்ததைத் தப்பு சொல்ல மாட்டேன். பூ வைத்தார், மைதிலியிடம் இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கோயில் மலரில் தெய்வாவுக்கு அஞ்சலி போடப் போகிறார்களாம், கூடவே இருந்தவள் என்பதால் நான்தான் எழுத வேண்டுமாம். "நல்லா எழுதுங்க மேடம். அந்த ஆடி விழா மேட்டர் மட்டும் வேணாம். வேணும்னா, மருள் வந்த ஒரு அம்மாவால சின்ன மனஸ்தாபம் ஆச்சு, அப்புறம் சரியாயிடுச்சுன்னு ஒரு லைன் போட்டுக்கலாம்" என்றார். அவர் கையில் கடித்த தழும்பு இன்னும் இருந்தது.

ஒரு வரிதான். எழுதிக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. எனக்கு வழக்கு இல்லை, எந்த விமானத்தையும் பிடிக்க வேண்டியதில்லை. தெய்வா எழுந்து வந்து டம்ளரை எறியப் போவதும் இல்லை.

"மருள் இல்ல சார். அருள்" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. என்ன சொன்னீங்க என்றார். மறுபடி சொன்னேன். இந்தத் தடவை கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மைதிலி ஓடிவந்து, "ஆன்ட்டி, வாட் ஹேப்பன்ட்?" என்று என் கையைப் பிடித்தாள். சபேசன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஆகவே இந்த அஞ்சலி கோயில் மலரில் வராது. கோயிலுக்கு நான் இனி போனாலும் எனக்கு முன்வரிசையில் இடம் கிடைக்காது. அவளுடைய புத்தகம் அவள் வைத்த சொற்களோடு அப்படியே அச்சுக்குப் போகிறது. சமையலறைச் சுவரில் பள்ளம் அப்படியே இருக்கிறது. ஆளைக் கூப்பிட்டுப் பூசிவிடலாம் என்கிறான் என் மகன். தொட்டால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தெய்வாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பள்ளமும், ஓர் எழுத்தும். என் பல் எல்லாம் இன்னும் முழுசாக இருக்கிறது. அதற்குத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.