தீவுக்குள் ஓடும் லோகநாயகி

மழை வலுத்தால் எல்லாரும் மேட்டை விட்டு வெளியே ஓடுவார்கள். லோகநாயகி மட்டும் உள்ளே ஓடுவாள். அது ஏன் என்று தெரியாமல் பல வருஷம் மண்டை காய்ந்தேன்.

பட்டாபிராமுக்குப் பின்னால் ஆறு இரண்டாகப் பிரிந்து ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. மேட்டில் ஐந்தாறு வீடுகள். போக வர ஒரே வழி தரைப்பாலம். மேலே ஏரியைத் திறந்துவிட்டால் அது முழுகிவிடும். வடிகிறவரை மேடு தீவுதான். அம்பத்தூர் தையல் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மிஷின் அவளுடையது. தீவுக்காரி என்றுதான் கூப்பிடுவோம்.

தண்ணீர் வரப்போகிறது என்று தெரிந்ததும் புருஷன் உதயகுமாரையும் இரண்டு பையன்களையும் காட்டுப்பாக்கத்து நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு, முழங்கால் தண்ணீரில் தான் மட்டும் உள்ளே போவாள். இருப்பதே இரண்டு ஆடு. அதற்காகவா இந்தப் பாடு? போன வருஷம் கேட்டே விட்டேன்.

"ஆடு இன்னாக்கா ஆடு, அது பாட்டுக்குக் கீது," என்றாள். "தண்ணி வந்துட்டா எவனும் என்னாண்ட வர முடியாது. சமைக்க வேணாம், மிஷினாண்ட குந்த வேணாம். தூங்குவேன். பசிச்சா கஞ்சி குடிச்சிட்டு மறுபடியும் தூங்குவேன். வருஷத்துல எனக்கு அதான்க்கா லீவு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொஞ்சம் பொறாமையும்தான்.

இந்த வருஷம் பெரிய பாலம் கட்டித் திறந்தார்கள். மேட்டுக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். லோகநாயகி மட்டும் கொடுத்த லட்டைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அவள் வேலைக்கு வரவில்லை. சூப்பர்வைசர் கோதண்டம் போனை ஸ்பீக்கரில் போட்டு அவளைக் கூப்பிட்டார்.

"பாலத்து மேல தண்ணி போவுது சார்."

"அதான் புதுப் பாலம் கட்டிட்டாங்களே?"

"அதுக்கும் மேலதான் சார் போவுது."

கோதண்டம் என் பக்கம் திரும்பினார். "இன்னா கமலம், நீ அந்தப் பக்கம்தானே? காலைல பாத்தியா?"

பார்த்தேன்தான். தண்ணீர் பாலத்துக்கு ஆளுயரம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. உதயகுமார் பையன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டுப்பாக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். "புதுப் பாலத்த மொத மழைல நம்பக் கூடாதுன்னு தொரத்திட்டாக்கா," என்றான்.

"பாத்தேன் சார். கழுத்தளவு கீது," என்றேன்.

"எப்போ வடியும்?"

"மூணு நாளாவது ஆவும் சார்."

போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. அவள் பக்கமிருந்து பாய் உதறுகிற சத்தம் கேட்டது.