பொங்காத கல்

1991-இல் நான் எம்.எஸ்சி. நிலவியல் கடைசி வருட மாணவி. ஆய்வேட்டுக்காக ஒரகடம் பக்கம் புதிதாக வெட்டிய ஒரு வயல்கிணற்றின் மண்மேட்டில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கையடக்கமான சாம்பல்நிற உருண்டைகள், கனமோ கனம்.

கிணற்றுக்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். “இன்னாம்மா, கல்லப் போய் பொறுக்கிகினு கீறே? தங்கமா அது?”

“இரும்புதான்க்கா.”

“அதான் மழைக்கு முன்ன வாரிப் போட்டதெல்லாம் துருவாட்டம் செவந்து கீதா?”

உடைத்துப் பார்த்தேன். மேலே செம்பழுப்பு, உள்ளே சாம்பல். இது சிடரைட், இரும்புக் கார்பனேட் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

துறையில் என் வாத்தியார் கல்லின் மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டார். கல் அசரவில்லை.

“பொங்கலையேம்மா. கார்பனேட்டே இல்ல, வெறும் களிக்கல். இந்த அத்தியாயத்தை எடுத்துடு. வெயில்ல அலைஞ்சது போதும், லேப்ல இருக்கிற கல்லை வெச்சு எழுது. பொண்ணுங்களுக்கு அதான் சௌகரியம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அத்தியாயம் போனால் என் வெளிவேலையும் அதோடு போச்சு. விடுவதாக இல்லை. சுண்ணாம்புக்கல்தான் ஆசிட் பட்டதும் பொங்கும். சிடரைட் அழுத்தமான ஜாதி, சூடு காட்டினால்தான் வாய் திறக்கும்.

மறுநாள் காலை அவர் மேஜையிலேயே கல்லைப் பொடித்து, சோதனைக் குழாயில் ஆசிட்டோடு போட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். குழாயில் குமிழி குமிழியாய்ப் பொங்கியது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, கார்பனேட்தான். இரும்பு துருவாகாம எப்படிம்மா இப்படி ஆச்சு?”

கடப்பாரை பட்டுப் பிளந்திருந்த ஓர் உருண்டையை அவர் முன் வைத்தேன். நடுவில் ஓர் இலையின் அச்சு.

“காத்துப் போகாத சேத்துல புதைஞ்ச இலை சார். காத்து இல்லாததால இரும்பு துருவாகாம தண்ணியிலேயே கரைஞ்சு இருந்திருக்கு. இலை மக்கி வந்த கரியமில வாயு அதோட சேர்ந்து, இலையைச் சுத்தியே கல்லாயிருக்கு.”

இலை அச்சின் மேல் விரலை ஓட்டினார். “கிணத்துல எந்த அடுக்குல இருந்தது?”

“தெரியாது சார். மேட்டுல கிடைச்சது. உள்ள இறங்கிப் பார்த்தாத்தான் தெரியும்.”

கல்லை என் பக்கம் நகர்த்தினார்.

“கயிறு நல்ல கயிறான்னு பார்த்துட்டு இறங்கு,” என்றார்.