கௌரியின் பெயரில் வெட்டிய மேடு

வலது கை மவுஸை மெல்ல இழுத்தது. திரையில் இடமிருந்து வலமாகப் போன பச்சைக் கோட்டில் ஒரு முள் நெட்டுக்குத்தாக நின்றது. அதைச் சுற்றி ஒரு சிறு பெட்டி விழுந்தது. இடது கையின் விரல் ஒரு விசையைத் தட்டியது. முள் மறைந்தது. கோடு அந்த இடத்தில் மட்டும் அறுந்து, பிறகு தொடர்ந்தது. அதற்குள் கை அடுத்த முள்ளுக்குப் போய்விட்டது.

அது பிறிஜெற்றின் கை. வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் அவர் வேலை செய்தார். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் விண்வெளித் தொலைநோக்கி வானத்தைத் துண்டு துண்டாகப் பார்த்து அனுப்பிய பதிவுகள் அங்கே வந்தன. விண்வெளியில் ஓயாமல் பறக்கும் துணிக்கைகள் தொலைநோக்கியின் உணரியில் அடிக்கும். ஒவ்வோர் அடியும் பதிவில் ஒரு முள்ளாக விழும். மென்பொருள் கோட்டைக் காட்டும், சொன்ன இடத்தில் வெட்டும். எது முள் என்பதை மனிதக் கண்தான் சொல்ல வேண்டும்.

பிறிஜெற் அதற்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்ரூடியோவில் இருந்தார். கலியாணப் படங்களின் நெகற்றிவ்களில் முகப்பருவையும் தழும்பையும் பென்சிலால் மறைப்பது அவர் வேலை. பருவை மட்டும் எடுத்தால் விளிம்பு தெரியும், சுற்றியுள்ள தோலையும் கொஞ்சம் சேர்த்து எடுக்க வேண்டும் என்று அந்தக் கை பழகியிருந்தது. புதிய வேலையை அவர் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டார். அறையில் எல்லாரையும்விட வேகம் அவருக்கு.

வானத்தின் ஒவ்வொரு துண்டையும் தொலைநோக்கி இரண்டு தரம் பார்த்திருந்தது. முதல் ஓட்டத்தை ஒருவர் துப்புரவாக்கினால் இரண்டாவதை இன்னொருவர் செய்ய வேண்டும். ஒருவர் மற்றவரின் திரையைப் பார்க்கக்கூடாது. துணிக்கை இரண்டு தரமும் ஒரே இடத்தில் அடிக்காது. நட்சத்திரமோ இரண்டு ஓட்டத்திலும் அதே இடத்தில் இருக்கும். முள்போல் கூராக ஏறாமல், மேடுபோல மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தால் அதுவே முடிவு. வேறுபட்டால் மட்டும் முதலாளி கனகசபாபதி பார்ப்பார்.

இந்த ஒழுங்குக்கு மேல் அந்த அறையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. அது கனகசபாபதிக்குத் தெரியாது. காலையில் யாரையாவது இராணுவம் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்துவிட்டால், முதலில் வந்து சேர்ந்தவர் அவருடைய இயந்திரத்தைத் திறந்து, அவர் பெயரில் வேலையைத் தொடங்கிவிடுவார். எல்லாருடைய கடவுச்சொல்லும் எல்லாருக்கும் தெரியும். நேரத்துக்கு வேலை தொடங்காதவரின் இடத்துக்கு வேறு ஆளைப் போடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஆகவே அந்த வழக்கத்தை யாரும் பிழையாக நினைக்கவில்லை. பெரும்பாலும் வத்தளையிலிருந்து பஸ்ஸில் வரும் கௌரிதான் மாட்டிக்கொள்வாள்; சில நாள் கூட வேலை செய்யும் நேசமலரும். கௌரியின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம்; அதைக் கண்டாலே சந்தேகம். பிறிஜெற்றுக்குக் கொட்டாஞ்சேனை விலாசமும் தடங்கலில்லாத சிங்களமும் இருந்தன. அவரை யாரும் இறக்கியதில்லை.

ஒருநாள் முற்பகல் கனகசபாபதி ஒரு தாளோடு வெளியே வந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் முன்பு படிப்பித்தவர். அங்கிருந்து ஒரு வானியலாளர் எழுதியிருந்தார்.

“இந்தத் துண்டில மங்கலா ஒண்டு இருக்கவேணும் எண்டு அந்த மனுசி நினைக்கிறா. எங்கட ஆக்கள் ஏதும் கண்டவையோ எண்டு கேக்கிறா” என்றார். “நான் பார்த்தன். முதல் ஓட்டம் கௌரி, ரெண்டாவது பிறிஜெற். ரெண்டு பேரும் தனித்தனிய அதை வெட்டியிருக்கிறீங்கள். இதுக்கு மேல என்ன சாட்சி? அங்க ஒண்டும் இல்லையெண்டு எழுதிவிடுறன்.”

“ஓம் சேர்” என்றாள் கௌரி. தன் கண்ணும் பிறிஜெற் அக்காவின் கண்ணும் ஒன்றாகப் பார்த்ததில் அவளுக்குப் பெருமை.

பிறிஜெற்றின் கை மவுஸின்மேல் அப்படியே நின்றது.

அந்தத் துண்டின் முதல் ஓட்டத்தை வெட்டியது மருதானையில் குண்டு வெடித்ததற்கு மறுநாள். பஸ்கள் எல்லாம் மறிபட்டுக் கிடந்தன, கௌரி வரவில்லை. கௌரியின் கதிரையிலும் தன் கதிரையிலுமாக மாறி மாறி இருந்து இரண்டு பேரின் வேலையையும் பிறிஜெற் செய்தார். அந்தத் துண்டில் ஒரு முள் இருந்தது உண்மை. அதன் அடியில் தாழ்வான ஒரு மேடும் இருந்தது. அவசரத்தில் பழைய கைப்பழக்கம் முள்ளோடு சேர்த்து மேட்டையும் எடுத்துவிட்டது. அடுத்த நாள் அதே துண்டின் இரண்டாவது ஓட்டம் அவருக்கே வந்தது. அதில் முள் இல்லை, மேடு மட்டும் இருந்தது. அந்த இடம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதாகக் கண் சொல்லிற்று. கை வெட்டியது. முதலாளி சொன்ன இரண்டு சாட்சிகளும் ஒரே ஆள்.

இப்போது பிறிஜெற் தன் பதிவைத் திறந்து, வெட்டை நீக்கிப் பார்த்தார். மென்பொருள் எதையும் அழிப்பதில்லை, மறைத்து வைக்கும். மேடு வந்து நின்றது. நட்சத்திரம் என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் முள் அல்ல. மங்கல்தான் என்றாலும், இல்லையென்று எழுதிவிட்டால் அந்த வானியலாளர் அந்தப் பக்கம் இனித் தேடவே மாட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும்போது கௌரியிடம் சொன்னார். கௌரி கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வைத்தாள்.

“இப்ப என்ன செய்யப்போறியள்?”

“சேரிட்டச் சொல்லணும், பிள்ள. ரெண்டும் என்ட கைதான்னு.”

“சொல்லுங்கோ. அப்ப அண்டைக்குக் கௌரி எங்கையெண்டு கேப்பார். அதையும் சொல்லுங்கோ. நேசமலரையும் எத்தினை தரம் நாங்கள் காப்பாத்தினனாங்கள் எண்டும் சேத்துச் சொல்லுங்கோ. உங்கட பாவசங்கீர்த்தனத்துக்கு எங்கட வேலை காணிக்கையோ?”

“அப்பிடிச் சொல்லாத, கௌரி.”

“வேற எப்பிடிச் சொல்ல? உங்களை ஒரு ஆமிக்காரனும் மறிக்கிறதில்லை. ‘நோனா யன்ன’, நீங்கள் போங்கோ எண்டு விட்டிடுவான். உங்களுக்கு மனச்சாட்சி வைச்சிருக்க வசதியிருக்கு.”

பிறிஜெற்றால் சாப்பிட முடியவில்லை. கௌரி மட்டும் கோபத்தோடேயே சாப்பிட்டு முடித்தாள். கை கழுவி வந்தவள் சொன்னாள்: “எந்த இடமெண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. என்ர ஓட்டத்தை நானே முதலிலயிருந்து பாக்கிறன். அது என்ர கண்ணாயாவது இருக்கட்டும்.”

பின்னேரம் முழுக்க அவள் பழைய வெட்டுகளை எல்லாம் நீக்கி, ஒவ்வொன்றாகத் திரும்ப வெட்டினாள். அவளுக்கு வேகம் குறைவு. பெட்டியைச் சின்னதாகத்தான் இழுப்பாள். பக்கத்தில் இருந்த பிறிஜெற் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். முடிந்ததும் கௌரி எழுந்து முதலாளியின் அறைக்குப் போனாள். கதவு திறந்தே கிடந்தது.

“சேர், அந்தத் துண்டு. நான் பிழை விட்டிட்டன். திரும்பப் பாத்தனான். ஒரு முள்ளுக்குக் கீழ மேடு ஒண்டு இருக்கு. வெட்டாமல் விட்டிருக்கிறன்.”

கனகசபாபதி வெளியே வந்து, அவளுடைய திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கக் கத்தினார்.

“நீர் என்ன நித்திரையிலயோ வெட்டினனீர்? நான் இல்லையெண்டு எழுதப் போனனான், தெரியுமோ? பிறிஜெற்றைப் பாத்துப் பழகும். அவ இப்பிடி ஒரு நாளும் செய்யமாட்டா.”

கௌரி தலையை நிமிர்த்தவில்லை. செய்யாத பிழையை ஏற்றால் ஏச்சோடு போகும், வராத நாளை ஒப்புக்கொண்டால் வேலை போகும் என்று கணக்குப் பார்த்துத்தான் அவள் உள்ளே போயிருந்தாள். அது பிறிஜெற்றுக்கும் விளங்கியது. பேசினால் அவளைக் காட்டிக்கொடுத்ததாகும். பேசாவிட்டால் தன் பெயர் அவளுடைய ஏச்சின்மேல் வெள்ளையாக நிற்கும்.

“சேர்” என்று எழுந்தார். “என்டதும் பிழைதான். என்ட ஓட்டத்துலயும் அந்த மேடு இருக்கு. பார்த்தும் வெட்டியிருக்கேன். கௌரிக்காவது முள் இருந்திச்சு. எனக்கு அதுகூட இல்ல.”

“நீங்களுமோ?” கனகசபாபதியின் குரல் இறங்கியது. “அப்ப ரெண்டு பேரும் எப்பிடி ஒரே பிழையை விட்டனீங்கள்?”

கௌரியின் கண் பிறிஜெற்றின்மேல் ஊன்றி நின்றது.

“பழக்கதோசம் சேர்” என்றார் பிறிஜெற். அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. “நான் வெட்டினது எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும். இதுல மட்டுமில்ல, வேற எங்கயும் அகலமா வெட்டியிருப்பேன். மூணாவது ஆளா நீங்க பாருங்க.”

அதற்குப் பிறகு பிறிஜெற்றை வேகமான கை என்று யாரும் சொல்லவில்லை. துப்புரவாக்கிய பதிவுகளின் சீடி பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டிய நாளைத் தள்ளிப்போடும்படி கனகசபாபதி எழுத வேண்டியிருந்தது. அந்த எரிச்சலை அவர் மறைக்கவில்லை. பிறிஜெற் தான் வெட்டியவை அனைத்தையும் சின்னப் பெட்டியால் திரும்ப வெட்டினார். இன்னும் சில மேடுகள் வெளியே வந்தன. சில ஒன்றுமில்லாதவை. சிலவற்றுக்குப் பக்கத்தில் முதலாளி ‘சந்தேகம்’ என்று குறித்தார். வானியலாளர் கேட்ட மேட்டுக்கும் அதே குறிதான் கிடைத்தது.

சாவடியில் மறிபட்டவர்களின் இயந்திரத்தை அதன் பிறகும் திறந்தார்கள். ஆனால் திறந்தபடி விட்டுவிடுவார்கள், ஒன்றையும் வெட்டமாட்டார்கள். அப்படிச் செய்யச் சொன்னவள் கௌரி. பிறிஜெற்றுக்கு நேராகச் சொல்லாமல் அறைக்குப் பொதுவாகச் சொன்னாள். மத்தியானத்தில் அவள் இப்போது நேசமலரோடு இருந்து சாப்பிட்டாள்.

பார்சல் கொண்டுபோகும் பதியுதீன் ஒரு காலையில் படியேறி வந்தார். கனகசபாபதி இரண்டு துப்புரவுப் பட்டியல்களையும் நீட்டினார். முதல் ஓட்டத்துக்குக் கௌரி கையெழுத்திட்டாள். இரண்டாவதுக்கு பிறிஜெற் இட்டார். பிறகு பிறிஜெற்றே சீடியைப் பஞ்சுத்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, ஒட்டுநாடாவைப் பிடிக்கச் சொல்லிக் கௌரியைப் பார்த்தார். அவள் வந்து ஒரு முனையைப் பிடித்தாள். ஒட்டி முடிந்ததும் போய்விட்டாள்.

“பாரமில்லையே, தங்கச்சி. உள்ளுக்கு என்ன?” என்று கேட்டார் பதியுதீன்.

“திருத்தினது” என்று சொல்லி, பிறிஜெற் பெட்டியை அவர் கையில் கொடுத்தார்.