முப்பத்திரண்டுக்கு மேல் இல்லை

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் இணையதளம் எவருடைய இயந்திரத்தில் இருக்கிறதோ, அவரை ஊரில் ‘முப்பத்திரண்டு’ என்பார்கள். இனிமையாகப் பேசுபவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. நூற்பாலை அலுவலகம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் கணினிகளைப் பராமரித்தவர். ஆலை அவரையும் பழைய சர்வரையும் ஒரே மாதத்தில் கழித்துவிட்டது. சர்வரைக் கேட்டு வாங்கிவந்து, தங்கை கணவரின் ஜெராக்ஸ் கடை மாடியில் நிறுவினார். கடைகளும் பள்ளிகளும் தங்கள் தளங்களை அதில் வைத்தன.

அதன் தாங்குதிறனை அவர் கணித்த முறையைச் சொல்ல வேண்டும். நினைவகம் பதினாறு ஜிபி. நான்கு, இயந்திரத்தின் சொந்தத் தேவைக்கு. எஞ்சிய பன்னிரண்டில், ஒரே நொடியில் வந்து நிற்பவருக்கு ஆளுக்கு அறுபது எம்பி வீதம் இருநூறு பேர். அதைத் தாண்டினால் இயந்திரம், கோப்புகளைச் சேமிக்கும் மெதுவான வன்வட்டைத் துணைக்கு அழைக்கும். பிறகு அது ஓடுவதும் ஒன்றே, நிற்பதும் ஒன்றே. ஒவ்வொரு தளத்தின் நெரிசலையும் ஒரு மாதம் குறித்துக் கூட்டிப் பார்த்து, முப்பத்திரண்டு தளங்கள் என முடிவு செய்தார். சர்வரின் முகப்பில் வெள்ளைப் பெயின்டால் 32 என்று எழுதியும் வைத்தார்.

தங்கை கணவருக்கு அந்த எண்ணைக் கண்டாலே எரியும். வட்டில் முக்கால்வாசி காலியாக இருப்பது ஒன்றே அவருக்குத் தெரியும்.

“இவ்ளோ எடம் சும்மா கெடக்கு மச்சான். அடை காக்கிறீங்களா?”

“அது குடோன் மாப்ள. மெமரிதான் கவுண்டர். குடோன் பெருசா இருந்தா கவுண்டர்ல கூட்டம் கொறையுமா?”

“எல்லாம் தெரிஞ்சவரு! அதான் ஆலைக்காரன் வீட்டுக்கு அனுப்புனான்.”

செவிலியர் கல்லூரியின் தேர்வு முடிவுகள் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வெளியாக இருந்தன. தளம் படுக்காது என்று கல்லூரி முதல்வருக்கு முப்பத்திரண்டு எழுதிக் கொடுத்திருந்தார். படுத்தால், மீதி முப்பத்தொரு பேரும் அவரை நம்பமாட்டார்கள்.

அன்று எட்டு மணிக்குச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலோடு நான் மாடி ஏறினேன். சர்வர் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. தங்கை கணவர் கையில் திருப்புளி. இரண்டு நாள் வெளியூர் போயிருந்த முப்பத்திரண்டு, பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றார்.

“உள்ள என்ன சொருகுனீங்க?”

“மெமரி. பத்தலைன்னு நீங்கதானே பொலம்புனீங்க?”

“இது வீட்டு கம்ப்யூட்டரோடது. சர்வர் இது மூஞ்சில முழிக்காது.”

“கச்சிதமா உள்ள போச்சே!”

“எவன் செருப்போ உங்க காலுக்குக் கச்சிதமா இருந்தா, அது உங்க செருப்பா?”

புதிதாகச் சொருகியிருந்த நான்கு மெமரித் துண்டுகளையும் முப்பத்திரண்டு பிடுங்கி மேசையில் எறிந்தார். மறுபடி முடுக்கினால், அந்தப் பழைய இயந்திரம் தன்னைத்தானே சோதித்து முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். அதுவரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. திரை வந்ததும் தளங்களை எண்ணினார்.

“நாப்பத்தி ஒண்ணு.”

அவசரத்துக்கென்று கொடுத்து வைத்திருந்த கடவுச்சொல்லைக் கொண்டு, தங்கை கணவர் காசு வாங்கிக்கொண்டு ஒன்பது பேரின் தளங்களைப் புதிதாக ஏற்றியிருந்தார். இயந்திரம் திணறியதால்தான் இந்த அதிகாலை வைத்தியம்.

“ஒம்போது பேர்தானே, அட்ஜஸ்ட் பண்ணுங்க.”

முப்பத்திரண்டு விசைப்பலகையை இழுத்தார். ஒன்பதையும் ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கினார்.

“அதுல கை வச்சா ரூம காலி பண்ணணும்!”

தங்கை மாடிப்படியில் வந்து நின்றாள். “அண்ணே, அவரு மானம் போகுது. ஒரு நாள் விட்டுக்குடேன்.”

“ஒன் புருஷன் வேற நாள் பாத்து வித்திருக்கலாம்மா.”

“வாங்குனவங்களுக்கு நான் என்னய்யா பதில் சொல்றது?” என்று தங்கை கணவர் கத்தினார்.

“இல்லாத எடத்த வித்தேன்னு சொல்லுங்க.”

பத்து மணிக்குத் திரையில் எண்ணிக்கை ஏறியது. நூற்று எழுபது. நூற்று தொண்ணூறு. நூற்று தொண்ணூற்று நான்கில் சில நிமிடங்கள் நின்று, பிறகு இறங்கியது. தளம் ஒரு கணமும் நிற்கவில்லை. அதற்குள் தங்கை கணவரின் கைப்பேசி அலறத் தொடங்கிவிட்டது. ஒன்பது பேரும் மாறி மாறி அழைத்தார்கள். அவர் பேசிய பொய்களை எல்லாம் முப்பத்திரண்டு நாற்காலியில் சாய்ந்து ரசித்துக் கேட்டார்.

மறுநாளே அறையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. கல்லூரி நூலகத்தின் பின்னறையை முதல்வர் ஒதுக்கித் தந்தார். ஆறு மணி நேரம் தளங்கள் தெரியா என்று எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டு, கல்லூரிக் காவலாளி ஒரு முனை பிடிக்க, முப்பது கிலோ சர்வரை முப்பத்திரண்டு தாமே மாடியிலிருந்து இறக்கினார்.

“செவுத்துல கீறல் விழாம எறக்குய்யா,” என்றார் கீழே நின்ற தங்கை கணவர். முறையும் மரியாதையும் அன்றோடு போயின.

அந்த இயந்திரத்தில் முதன்முதலில் ஏறிய தளம் அதே ஜெராக்ஸ் கடையினுடையது. புது அறையில் மற்ற முப்பத்தொன்றும் உயிர்பெற்றன. அது மட்டும் வரவில்லை. தங்கை இருமுறை தொலைபேசியில் கேட்டும் பயனில்லை. காலியான இடத்தை, அவர்கள் கடைக்கு நேர் எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரரைத் தாமே தேடிப்போய் முப்பத்திரண்டு கொடுத்துவிட்டு வந்தார்.