காருக்கும் சனிக்கிழமைதான்

ணங்.

கொட்டகையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டதும், சமையலறையில் துவையல் அரைத்துக்கொண்டிருந்த வத்சலாவின் கை அம்மியின் மேல் நின்றது. வழக்கமாக ஒரு ணங்தான். உடனே காரின் பழைய எண்ணெய் தகர டின்னில் கொழகொழவென்று விழும். அதன் பிறகு அவள் கணவர் சாரங்கபாணி ஐயங்கார் ஒரு கனைப்புக் கனைப்பார். கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சியை மடக்கிவிட்டு உட்காரும்போது கனைப்பாரே, அதே கனைப்பு.

இன்றைக்கு ஸ்பானர் நழுவித் தரையில் விழுந்தது. மறுபடி ணங். மறுபடி விழுந்தது.

'பெருமாளே, நேற்று இந்தக் கண்ணாயிரம் வரவில்லையே' என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

செங்கல்பட்டில் கார் வைத்திருந்த வக்கீல்கள் சிலர் உண்டு. காருக்கு எண்ணெய் ஸ்நானம் செய்து வைத்த வக்கீல் சாரங்கபாணி ஒருவர்தான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து வாங்கிய சின்னக் கறுப்புக் கார் அது. கோர்ட்டுக்கு அவர் நடந்துதான் போவார். ஞாயிற்றுக்கிழமை வத்சலாவை ஏற்றிக்கொண்டு மகாபலிபுரம் கடற்கரைக்குப் போவதற்குத்தான் கார். என்ஜின் எண்ணெய் மாற்றும் நாள் வந்தால் அது சனிக்கிழமையாகத்தான் இருக்கும். "ஆம்பளைக்குச் சனிக்கிழமைதானேடி எண்ணெய்?" என்பார். காய்ச்சாத எண்ணெயைத் தலையில் வைக்கலாமா என்று காலையில் என்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடேற்றுவார். முன் சக்கரங்களை இரண்டு கருங்கற்களின் மேல் ஏற்றி, அடியில் கோணியை விரித்து, நைந்துபோன பழைய கோர்ட் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைவார். கறுப்பின் மேல் கறுப்பு தெரியாது என்பது அவர் கட்சி. புது எண்ணெய் ஊற்றிய பிறகு மறுநாள் வரை காரைத் தொட மாட்டார். எண்ணெய் தேய்த்துக்கொண்டவன் அன்றைக்கு வெளியில் அலையலாமா?

வடித்த எண்ணெய் மாட்டுவண்டிக்காரர்களுக்கு இனாமாகப் போகும். ஒர்க் ஷாப்புக்குத் தராமல் மிச்சம் பிடித்த இரண்டு ரூபாய்க் கூலியில் சாயங்காலம் வத்சலாவுக்கு மல்லிகைப்பூவும் கால் வீசை அல்வாவும் வரும். "நாமே பண்ணிண்டா எவ்வளவு லாபம் பார்த்தியா?" என்று அவர் நீட்டும்போது, அவள் அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் தலையில் வைத்துக்கொள்வாள்.

ஏனென்றால் லாபத்தின் மறுபக்கம் அவளுக்குத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, பலம் கூடவில்லை. கிணற்றில் ஒரே மூச்சில் இறைத்த கை, பிறகு செம்பைத் தூக்கினாலே நடுங்கியது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கட்டுப் பிரித்த கொஞ்ச நாளைக்கெல்லாம், "இனிமே கார் ஆயிலை நானே மாத்தப் போறேன். கூலி தண்டம்" என்று அறிவித்தார். முதல் தடவை அரை நாள் போராடி, சுத்தியலால் தட்டித் தட்டி, எண்ணெய் வடியும் அடி நட்டைக் கழற்றினார். இரவு கை வீங்கியிருந்தது. மறுநாள் விடியலில் வாசல் தெளிக்க வந்த வத்சலா, கொட்டகையில் புது எண்ணெய் குளமாகத் தேங்கியிருப்பதைப் பார்த்தாள். அந்தக் கை நட்டை இறுக்கவில்லை. என்ஜினை ஓட்டிப் பார்த்திருந்தால் அப்போதே சொட்டியது தெரிந்திருக்கும். ஸ்நானம் செய்த காரை யார் ஓட்டுவது?

நல்ல வேளை, அவர் கோதண்டராமர் கோயிலுக்குப் போயிருந்தார். பெரிய ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருந்த கண்ணாயிரத்தைக் கொல்லை வழியாக வரவழைத்தாள். அன்றிலிருந்து அது ஏற்பாடாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை அவர் கோயிலுக்குப் போனதும் கண்ணாயிரம் வந்து, சொட்டாத அளவுக்கு நட்டைத் தளர்த்தி வைப்பான். ஞாயிறு விடியலில் மறுபடி வந்து இறுக்குவான். ஒர்க் ஷாப்பில் ஒரே தடவையில் முடிகிற வேலைக்கு இரண்டு நடை. அந்த இரண்டு ரூபாயும் அவள் அடுப்படிச் சேமிப்பிலிருந்து போனது. மேற்கொண்டு ஒரு பொட்டலம் எலுமிச்சங்காய் ஊறுகாயும்.

கொல்லைக் கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. திறந்தாள். கண்ணாயிரம் கிரீஸ் படிந்த கையோடு நின்றான்.

"கோச்சிக்காதம்மா. நேத்து சிங்கபெருமாள் கோயிலாண்ட ஒரு லாரி படுத்துகினு ஒரே பேஜாரு பண்ணிடுச்சி. சாமி இன்னா பண்றாரு?"

"கேட்கலையா உனக்கு?"

ணங்.

"ஐயோ, நட்டோட மரை பூடப் போவுதும்மா. கொஞ்சம் இந்தாண்ட இஸ்துக்கோ அவர. நான் பூந்து தளத்திடறேன்."

அவள் அடுப்பு மேடையிலிருந்து ஊறுகாய் ஜாடியை எடுத்தாள். மூடியை ஒரு திருகு திருகித் தளர்த்தினாள். பிறகு கொட்டகைப் பக்கம் பார்த்து, "ஏன்னா, இந்த ஜாடி திறக்கவே மாட்டேங்கறது" என்று குரல் கொடுத்தாள். அந்த ஜாடியைத் தளர்த்திவிட்டு அவரை அழைப்பதும் பழைய ஏற்பாடுதான்.

சாரங்கபாணி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, கோட்டின் தோளில் கோணி நார். ஜாடியை வாங்கி ஒரே திருகில் திறந்தார். வழக்கமாக இந்த இடத்தில், "இதுக்குப் போயா?" என்று சிரிப்பார். இன்று அவர் சிரிக்கவில்லை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஜாடியையே பார்த்தார். கொடுத்துவிட்டு உடனே திரும்பினார்.

"ஏன்னா, ஒரு வாய் மோர்..."

அவர் போய்விட்டார். வத்சலா பின்னாலேயே ஓடினாள். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"யாருடா அது?"

கண்ணாயிரம் ஊர்ந்து வெளியே வந்தான். "நான்தான் சாமி. சும்மா இந்தாண்ட வந்தேன். ஆயிலு மாத்துறீங்கன்னு சொன்னாங்க. எப்டி கீதுன்னு பாத்தேன்."

"வேவு பார்க்கறியா? பார்த்துக்கோ. உன் ஷெட்டிலே விட்டா ரெண்டு ரூபா கூலி. பழைய ஆயிலை முழுக்க வடிச்சியா, பாதி வடிச்சியான்னு சாட்சி உண்டா?"

"எங்கிட்ட வுட்டா டீ குடிச்சி முடிக்கிறதுக்குள்ள வேல முடிஞ்சிடும். நீங்க காலீலேர்ந்து மல்லாந்துகினு கீறீங்க. அந்த நேரத்துல ஒரு கட்சிக்காரனப் பாத்தா பத்து ரூபா வருமே, அது நஷ்டம் இல்லியா?"

"அது வக்கீல் சம்பாதிக்கறது. இது நான் சம்பாதிக்கறது."

கண்ணாயிரம் வத்சலாவைப் பார்த்தான். அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

சாரங்கபாணி கோணியில் படுத்து உள்ளே நகர்ந்தார். ஸ்பானரைப் பொருத்தும் ஓசை கேட்டது. ணங் என்று கேட்கவில்லை. காலையிலிருந்து அசையாத நட்டு, வெண்ணெயில் செருகிய கரண்டி போலச் சத்தமில்லாமல் திரும்பியது. எண்ணெய் கொழகொழவென்று டின்னில் விழுந்தது.

கனைப்புச் சத்தம் வரவில்லை.

எண்ணெய் வடிந்து, சொட்டாகி, சொட்டும் நின்ற பிறகும் அவர் காருக்கு அடியிலேயே கிடந்தார். இத்தனை வருஷமாக அவருடைய கையை அவரிடமிருந்தே ஒளித்து வைத்துக் காப்பாற்றி வந்தாளே வத்சலா, அது இன்றோடு போயிற்றா? இனி ஞாயிற்றுக்கிழமை உண்டா, கடற்கரை உண்டா, அந்த அல்வாப் பொட்டலம்தான் உண்டா?

நட்டை மறுபடி பொருத்திவிட்டு அவர் வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புது எண்ணெயை ஊற்றும்போது கை நடுங்கி ஒரு கோடு வெளியே வழிந்தது. கண்ணாயிரம் தன் தோள் துண்டை நீட்டினான். அதை வாங்கித் துடைத்தார்.

"அப்ப நான் வரேன் சாமி" என்று கண்ணாயிரம் கொல்லைப் பக்கம் நடந்தான். வத்சலா கூடவே போனாள். கதவருகில் அவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா, குனிஞ்சி பாத்தேன், நட்டு கையால வெச்சா மாரி லூசாத்தான் கீது. நாளிக்கி வெடியக்காலம் திருப்போரூர்ல என் பையனுக்கு மொட்ட. வர முடியாது. வண்டிய எடுக்க வுடாத."

"எப்படிப்பா சொல்லுவேன்?"

"கண்ணாயிரம்" என்று பின்னாலிருந்து சாரங்கபாணியின் குரல் வந்தது. இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவர் கையில் ஊறுகாய் ஜாடி இருந்தது.

"பொட்டலம் வாங்கிக்காமப் போறியே. இன்னிக்கு ஜாடியோடயே எடுத்துண்டு போ. பையனுக்கு மொட்டை போட்டுட்டு எல்லாருமா உட்கார்ந்து சாப்பிடுங்கோ."

கண்ணாயிரம் இரண்டு கைகளாலும் ஜாடியை வாங்கிக்கொண்டான். அதை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியேறினான். சாரங்கபாணி கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.

பிறகு பழைய கறுப்புக் கோட்டைக் கழற்றி, புடவையில் கறை படாதபடி வத்சலாவின் தோளைச் சுற்றிப் போர்த்தினார், பித்தான் போட்டார், காருக்கு அடியில் விரித்திருந்த கோணியைக் காட்டி ஸ்பானரை அவள் கையில் கொடுத்தார்.